காதுக்கு யார் பொறுப்பு?

எண்பது வயது முதியவரின் காதைச் சோதிக்கப் போதுமான அதே சான்றிதழ், எட்டு நாள் சிசுவின் காதைச் சோதிக்கவும் போதும் என்கிறது சட்டம். அது போதாமல் போனபோது வலியசாலையில் ஒரு வீடே பேச்சை நிறுத்திக்கொண்டது.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இறங்கி, சாலைக் கடைத்தெருவின் வெங்காய மூட்டைகளையும் பாத்திரக் கடைகளையும் கடந்து கிள்ளிப்பாலத்தை நோக்கி நடந்தால் வலியசாலை வந்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகார வீடுகள். காந்தளூர் மகாதேவர் கோயில். படிக்கு உள்ளே தமிழ், படி தாண்டினால் மலையாளம். பல தலைமுறைகளாக இப்படித்தான். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க இங்கே ஒரு பழைய சோதனை உண்டு. குழந்தையைத் திண்ணையில் விளையாட விட்டு, பின்பக்கமாகப் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஒரு தட்டு. குழந்தை திரும்பினால் கவலை விட்டது.

என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டுப் பையன் இந்தச் சோதனையில் பலமுறை தேறியவன். பிறந்த ஆஸ்பத்திரியில் எந்திரம் வைத்துச் செய்த சோதனையிலும் தேறினான். 'பாஸ்' என்று அச்சிட்ட துண்டுச்சீட்டை அவன் பாட்டி இன்னும் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். ஆனால் இரண்டேகால் வயது வரை அவன் வாயிலிருந்து உருப்படியாக ஒரு வார்த்தை வரவில்லை.

அவன் ஏழு வாரம் முன்னதாகப் பிறந்தவன். மஞ்சள் காமாலை கடுமையாகி, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 நாள் இருந்தான். உடம்பு ரத்தத்தை மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்கு அனுப்பும் முன் காதில் சின்னக் குழாய் வைத்து ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை ஒன்றைச் செய்தார்கள். பாஸ். ஒன்றரை வயதில் தாய்க்குச் சந்தேகம் வந்தபோது, காது மெஷின் விற்கும் கடை ஒன்று நடத்திய இலவச முகாமுக்குத் தூக்கிப் போனார். அங்கே கிலுகிலுப்பையை ஆட்டினார்கள், திரும்பினான். "காது நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். இருபதாவது மாதத்தில் இன்னொரு இடம். வீட்டில் என்ன பாஷை என்று விசாரித்தார்கள். தமிழும் மலையாளமும் என்றதும் தீர்ப்பு உடனே வந்தது: இரண்டு மொழி கேட்டுக் குழந்தை குழம்பிப் போயிருக்கிறது, ஒரே மொழியில் பேசுங்கள்.

எந்த மொழி என்பதில் அந்த வீட்டில் விவாதம் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் மலையாளம், அக்கம்பக்கம் மலையாளம். பாட்டிக்கு (தெருவில் எல்லோருக்கும் அவர் மாமி) மலையாளம் புரியும், கொஞ்ச வராது. "நான் வாயத் திறந்தா கொழந்தைக்கு ஆகாதுன்னுட்டா. சரி, திறக்க வேண்டாம்னு இருந்துட்டேன்" என்றார் என்னிடம். ஏழு மாதம். சோறூட்டும்போது, தூங்கப் பண்ணும்போது, கோயில் பிரகாரத்தில் இடுப்பில் வைத்துச் சுற்றும்போது, ஒரு பாட்டி தன் பேரனிடம் பேசாமல் இருந்தார்.

இருபத்தேழாவது மாதத்தில், நகரத்தின் மறுகோடியில், ஒரு ஆடியாலஜிஸ்ட் பழைய காகிதங்களை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். 'தீவிர சிகிச்சைப் பிரிவு, 12 நாள், ரத்த மாற்று' என்ற வரியில் விரலை வைத்து, "பெரா எடுத்தார்களா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. அந்த ஒரு கேள்வியில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது.

பிறந்த குழந்தைக்குச் செய்யும் சோதனைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஓ.ஏ.இ. நத்தைச் சுருள் போன்ற உட்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள், ஒலி வந்தால் அதைப் பெருக்குவதோடு பதிலுக்கு ஒரு மெல்லிய எதிரொலியையும் வெளியே அனுப்புகின்றன. 1978ல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது. அந்த எதிரொலியைப் பிடிக்கிறது எந்திரம். விலை குறைவு, வேகம் அதிகம், பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டாவது, நம் ஆஸ்பத்திரிகளில் 'பெரா' என்று சொல்லப்படுவது. தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, அது நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. குழந்தை தூங்கவேண்டும். நேரம் பிடிக்கும். வரும் அலைகளைப் படிக்கத் தெரியவேண்டும்.

முதல் சோதனை காது வரைதான் பார்க்கும்; நரம்பைப் பார்க்காது. காது சரியாக இருந்து, அங்கிருந்து கிளம்பும் சேதி நரம்பில் சிதறிப் போகும் ஒரு குறை உண்டு என்பதை 1996ல் ஆர்னால்ட் ஸ்டாரும் அவரது குழுவினரும் விவரித்தார்கள். ஸ்டேஷன் சரியாகப் பிடிபடாத ரேடியோ போல, சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. சில சமயம் கேட்பதுபோல் இருக்கும், சில சமயம் கேட்காது. வீட்டில் இதற்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைப்பார்கள். குறைமாதமும் கடுமையான காமாலையும் இந்தக் குறைக்கு வழிவிடும் காரணங்களில் முக்கியமானவை. அதனால்தான் அமெரிக்காவில் குழந்தைகளின் செவித்திறனுக்காக உள்ள கூட்டுக் குழு, ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, மூளைத்தண்டுச் சோதனையே செய்யவேண்டும் என்று 2007லேயே சொல்லிவிட்டது.

வலியசாலைப் பையனுக்கு இருந்தது இந்தக் குறைதான். தாம்பாளத்துக்குத் திரும்பியதும் கிலுகிலுப்பைக்குத் திரும்பியதும் எதிரொலி வந்ததும் எல்லாம் உண்மை. எந்திரம் பொய் சொல்லவில்லை. இந்தக் குழந்தைக்கு இந்த எந்திரம் சரியில்லை என்று சொல்லத் தெரிந்தவர் அன்று அங்கே இல்லை, அவ்வளவுதான். சோதித்தவர் போலி டாக்டரும் அல்ல. நான் விசாரித்தவரை பட்டம் பெற்றவர், முறையாகப் பதிவு செய்தவர்.

அந்தப் பதிவு என்ன சொல்கிறது? இந்திய மறுவாழ்வு கவுன்சில் 1986ல் ஒரு சங்கமாகத் தொடங்கி, 1992ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் 1993ல் சட்டபூர்வ அமைப்பானது. அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்யக்கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! காது மெஷின் விற்கிற கடைக்கு இது ஒரு அபராதமா என்பது வேறு விஷயம். பதிவேட்டில் ஆடியாலஜிஸ்ட் - பேச்சு சிகிச்சையாளர் ஒரு வகை. செவி - பேச்சுத் தொழில்நுட்பர் வேறு வகை. காது மெஷினும் காதச்சும் தயாரிப்பவர் இன்னொரு வகை. ஒரு வருட டிப்ளமோ, ஓராண்டு இன்டர்ன்ஷிப் உட்பட நான்கு வருடப் பட்டம், அதற்கு மேல் முதுகலை என்று படிப்பிலும் படிகள் உண்டு. பதிவை நீட்டிக்க, தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்கவேண்டும். எல்லாம் சரி. ஆனால் 'இவர் குழந்தைகளைச் சோதிப்பதில் தனித் தேர்ச்சி பெற்றவர்' என்று சொல்ல அந்தப் பதிவேட்டில் இடம் கிடையாது. ஆலையில் இரைச்சலால் காது மந்தமான தொழிலாளியைச் சோதிப்பவருக்கும் பிறந்து மூன்று நாளான சிசுவைச் சோதிப்பவருக்கும் ஒரே வகை, ஒரே எண் வரிசை.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். பெரியவர்களின் காதைச் சோதிப்பது சுலபம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெரியவர் விரலைத் தூக்குவார், "கேட்கிறது" என்பார். ஆறு மாதக் குழந்தை எதுவும் சொல்லாது. ஒலி வந்த பக்கம் திரும்பினால் ஒரு பொம்மை வெளிச்சத்தில் ஆடும் என்று பழக்கி, குழந்தை உண்மையிலேயே ஒலிக்குத்தான் திரும்பியதா, இல்லை தற்செயலாகத் திரும்பியதா என்று நொடியில் முடிவு செய்யவேண்டும். அலுத்துப் போனால் சோதனை அன்றைக்கு முடிந்தது. இரண்டரை வயதுக்கு மேல், ஒலி கேட்டால் டப்பாவில் ஒரு கட்டையைப் போடும் விளையாட்டாக அதையே மாற்றவேண்டும். நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் எந்திரம் பெரியவர்களுக்கு 226 ஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்துகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவின் காதுக் குழாய் மெத்தென்று இருப்பதால் அந்த ஒலி தவறான பதிலைத் தரும். அங்கே 1000 ஹெர்ட்ஸ் வேண்டும். காது மெஷின் பொருத்துவதிலும் இதே கதை. சின்னக் குழாயில் அதே ஒலி அதிக அழுத்தத்தோடு இறங்கும். பெரியவர் கணக்கில் அமைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு இரைச்சலாகும். பயந்து குறைத்து வைத்தால் கேட்காது. குழந்தை வளர வளரக் காதச்சு லூசாகி மெஷின் 'கீச்' என்று கத்தும். சில மாதத்துக்கு ஒருமுறை அச்சை மாற்றவேண்டும்.

இந்தத் துறையில் மந்திரம் போல் சொல்லப்படும் ஒரு விதி உண்டு. 1976ல் அமெரிக்கர்களான ஜேம்ஸ் ஜெர்ஜரும் டெபோரா ஹேஸும் எழுதி வைத்தது: குழந்தையின் விஷயத்தில் எந்த ஒரு சோதனையின் முடிவையும், இன்னொரு தனிச் சோதனை உறுதி செய்யும்வரை நம்பாதே. வலியசாலைப் பையனின் துண்டுச்சீட்டை இன்னொரு சோதனையோடு ஒட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இரண்டு வருடம் என்றால் பெரிய காலமா? ஆமாம். டென்வரில் மரியன் டவுன்ஸ் என்ற பெண்மணி 1960களிலேயே பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் செவிச்சோதனை செய்யவேண்டும் என்று மல்லுக்கு நின்றார். பல வருடங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2014ல் நூறு வயதில் அவர் மறைந்தபோது அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் அது வழக்கமாகிவிட்டிருந்தது. அவர் சொன்னது சரி என்பதற்கு வலுவான ஆதாரம் 1998ல் அதே கொலராடோவிலிருந்து வந்தது. ஆறு மாதத்துக்குள் குறை கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள், பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களை விட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள் என்று கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவினர் காட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்ற ஒன்று-மூன்று-ஆறு கணக்கு உலகெங்கும் சொல்லப்படுகிறது. நிரந்தரச் செவிக்குறையோடு பிறப்பவை ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று குழந்தைகள்.

நம் நாட்டில் இதற்கு அஸ்திவாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மைசூரில் அகில இந்திய பேச்சு - செவித்திறன் நிறுவனம் 1960களின் நடுவிலேயே தொடங்கியது. இன்று நாடு முழுவதும் வேலை பார்க்கும் மூத்த ஆடியாலஜிஸ்டுகளில் பலருக்கு அதுதான் தாய்வீடு. மும்பையில் அலி யாவர் ஜங் பெயரிலான தேசிய நிறுவனம் 1983ல் வந்தது. சென்னையில் பால வித்யாலயா 1969 முதல் காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பேச்சு கற்றுத் தருகிறது. வலியசாலையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், ஆக்குளத்தில், கேரள அரசின் தன்னாட்சி அமைப்பான 'நிஷ்' 1997 முதல் இருக்கிறது. அங்கே பட்டப்படிப்பும் முதுகலையும் உண்டு. தாயும் சேயுமாக வந்து பழகும் ஆரம்பகாலப் பயிற்சிப் பிரிவும் உண்டு. 2015 மத்திய பட்ஜெட்டில் அதைப் பல்கலைக்கழகமாக உயர்த்தப் போவதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்போடு சரி.

கொச்சியில் நடந்தது அதைவிடச் சுவாரசியம். ஒவ்வொரு பிரசவ ஆஸ்பத்திரியும் ஒரு எந்திரமும் ஒரு ஆளும் வாங்கிப் போடவேண்டும் என்று காத்திருந்தால் நடக்காது என்று கண்ட குழந்தை மருத்துவர் ஆபிரகாம் பால், 2003ல் ஒரு மாற்று வழியைத் தொடங்கினார். கையடக்க எந்திரத்தோடு பயிற்சி பெற்றவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ச் சோதிப்பார். ஊருக்கே பொதுவான ஒரு ஏற்பாடு. 2011ல் அவர் அந்த அனுபவத்தை இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பத்திரிகையில் விரிவாக எழுதினார். பிறகு கேரள அரசு 'காதோரம்' என்ற பெயரில் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிகளில் செவிச்சோதனையைக் கொண்டு வந்தது. அதற்கு முன்பே, 2012ல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு செலவில் காக்ளியர் இம்பிளான்ட் பொருத்தும் 'ஸ்ருதிதரங்கம்' தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டிலும் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷன் உண்டு. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 2013ல் வந்தபோது, பிறவிச் செவிக்குறையைத் தேடவேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பகாலச் சிகிச்சை மையம், அதில் ஒரு ஆடியாலஜிஸ்ட் என்றும் வகுத்தது.

ஆக, எந்திரம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, லட்சக்கணக்கில் செலவாகும் இம்பிளான்டுக்குப் பணமும் இருக்கிறது. அந்த மாவட்ட மையத்தில் உட்காரும் ஆடியாலஜிஸ்ட் அதுவரை எத்தனை சிசுக்களைத் தூங்கவைத்துச் சோதித்திருக்கிறார் என்று கேட்க மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. இம்பிளான்டில் ஆபரேஷன் சில மணி நேர வேலை. அதன்பின் எந்திரத்தைக் குழந்தையின் காதுக்கேற்ப அளவு வைக்கும் 'மேப்பிங்' ஆண்டுக்கணக்கில் ஓடும். இதற்கு எந்திரக் கம்பெனிகள் பயிற்சி தருகின்றன. நல்ல பயிற்சியாகவே இருக்கட்டும். விற்பவரே வாத்தியாராகவும் இருப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. அமெரிக்க ஆடியாலஜி வாரியம் 2011 முதல் குழந்தை ஆடியாலஜிக்குத் தனிச் சான்று தருகிறது. மேல்பட்டமும் உரிமமும் இருந்தால் மட்டும் போதாது. இரண்டு வருட முழுநேர அனுபவம் வேண்டும். அதில் 550 மணி நேரம் குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்திருக்கவேண்டும். குடும்பம், பள்ளி, மருத்துவர் என்று சிகிச்சையை ஒருங்கிணைப்பதில் இன்னும் 50 மணி நேரம். பிறகு தேர்வு. காது மெஷினோ இம்பிளான்டோ பொருத்திய குழந்தைக்குக் கேட்கவும் பேசவும் கற்றுத் தருபவர்களுக்கு, கிரஹாம் பெல் பெயரிலான சங்கத்தின் அகாடமி வேறொரு சான்று தருகிறது. அதற்கு மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பல நூறு மணி நேரம் பழகியிருக்கவேண்டும். நம் மறுவாழ்வு கவுன்சிலும் இந்த இரண்டாவது துறையில் ஒரு வருட முதுகலை டிப்ளமோவை அங்கீகரித்திருக்கிறது. ஆனால் அது சிகிச்சைக்கு. குறையைக் கண்டுபிடிக்கும் இடத்துக்கு அல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அமெரிக்கச் சான்று கட்டாயமில்லை. அது இல்லாதவரும் அங்கே குழந்தையைச் சோதிக்கலாம். விரும்பியவர் வாங்கிக் கொள்ளும் பட்டயம் அது. கட்டணம், தேர்வு, புதுப்பித்தல் என்று செலவும் உண்டு. சட்டை மேல் குத்திக்கொள்ளும் இன்னொரு பதக்கம் என்று அங்கேயே முணுமுணுப்பவர்கள் உண்டு.

அந்த முணுமுணுப்புக்குப் பதில் ஸ்காட்லாந்தில் கிடைத்தது. எடின்பரோ வட்டாரத்தின் லோதியன் அரசு மருத்துவத் துறையில் ஒரு குழந்தையின் செவிக்குறை பல வருடம் கண்டுபிடிக்கப்படாமல் போனதாகப் புகார் எழுந்தது. பிரிட்டிஷ் ஆடியாலஜி அகாடமி பழைய கோப்புகளைப் புரட்டியது. 2021ல் வந்த அதன் அறிக்கை, சுமார் பத்தாண்டுகளில் 155 குழந்தைகளின் விஷயத்தில் பெரிய தவறுகள் நடந்திருப்பதாகச் சொன்னது. இத்தனைக்கும் பிறந்த உடனேயே எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கும் நாடு அது. சோதித்தவர்கள் பட்டதாரிகள். மூளைத்தண்டு அலைகளைப் படிப்பதிலும் சின்னக் குழந்தைகளைச் சோதிப்பதிலும்தான் கோட்டை விட்டிருந்தார்கள். அதன் எதிரொலியாக இங்கிலாந்திலும் மற்ற ஆஸ்பத்திரிகளின் கோப்புகளைத் திறக்கவேண்டி வந்தது. அங்கே வலியுறுத்தப்படும் ஒரு வழக்கம் எனக்குப் பிடித்தது. ஒருவர் எடுத்த அலைப் படங்களை, வேறு ஊரில் இருக்கும் இன்னொருவர் பெயர் பார்க்காமல் மறுபடி படிப்பார். இரண்டு கண் தவறவிடுவதை நாலு கண் பிடிக்கும்.

தகுதி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வலியசாலை என்ற பெயரில் இருக்கும் 'சாலை' தெருவைக் குறிப்பதல்ல. கல்வெட்டுகளில் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடம் இங்கேதான் இருந்தது என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. விழிஞம் பக்கம் தேடுபவர்களும் உண்டு. அந்தச் சாலையின் நடைமுறையைப் பின்பற்றி, ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 வாக்கில், இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 95 மாணவருக்கு ஒரு சாலை அமைத்தான். அதன் செப்பேடு, இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் அறிந்தவரையே சேர்க்கவேண்டும் என்கிறது. ஒருவரையொருவர் திட்டினால் அபராதம், ஆயுதத்தோடு வரக்கூடாது என்றெல்லாமும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டல் வார்டன்கள் எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. பட்டம் என்ற பொத்தாம்பொதுவான வார்த்தை அதில் இல்லை. இன்ன வேலைக்கு இன்னது தெரிந்திருக்கவேண்டும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் இங்கேயும் ஒரு தனிச் சான்றிதழைக் கட்டாயமாக்கிவிடலாமா? கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஆடியாலஜிஸ்டுகளே போதாத நாட்டில் வாசலில் இன்னொரு கதவு வைத்தால், திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் சான்றிதழ்காரர்கள் சேர்வார்கள். வயநாட்டிலும் தர்மபுரியிலும் நாற்காலி காலியாகும். குழந்தையைச் சோதிக்க அரைகுறையாகத் தெரிந்தவர்கூட இல்லாமல் போவார். கதவு வைப்பதற்குப் பதில் படி வைக்கலாம் என்பது என் கட்சி. இப்போதுள்ள பதிவு எண்ணோடு, இத்தனை சிசுக்களை மேற்பார்வையில் சோதித்தவர் என்ற ஒரு வரி சேரட்டும். மாவட்ட மையங்களில் வேலைக்கு எடுக்கும்போது அந்த வரிக்கு முன்னுரிமையும் கூடுதல் சம்பளமும் இருக்கட்டும். ஏற்கெனவே கட்டாயமாக உள்ள தொடர்கல்விப் புள்ளிகளில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால், புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம்.

மேற்பார்வைக்கு ஆள் எங்கே என்றால், அதற்கும் நம்மிடமே முன்னுதாரணம் இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் ஆடியாலஜிஸ்டுகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஒரு வேனை அனுப்பினார்கள். கிராமத்தில் பயிற்சி பெற்ற பெண் குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டுவார். சென்னையில் இருக்கும் நிபுணர் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அந்த எந்திரத்தை இயக்கி அலைகளைப் படிப்பார். 2013ல் வெளியான இவர்களது ஆய்வுக் கட்டுரையைப் படித்தால், தொலைவு ஒரு சாக்கே அல்ல என்று தெரிகிறது. செயற்கைக்கோள் வேண்டியிருந்த வேலைக்கு இன்று பாக்கெட்டில் இருக்கும் போனே போதும்.

அந்தப் படியில் மொழியும் ஒரு பாடமாக இருக்கவேண்டும் என்று சேர்த்துச் சொல்வேன். தமிழ் படித்தவரின் பிடிவாதம் என்று நினைத்தாலும் சரி. குழந்தைக்குச் சொற்கள் விளங்குகின்றனவா என்று பார்க்க, படங்களைக் காட்டிச் சொல்லைச் சொல்லி, "எங்கே, காட்டு" என்று கேட்கும் சோதனைகள் உண்டு, தமிழிலும் உண்டு. வலியசாலைப் பையனுக்கு மலையாளப் பட்டியலை வைத்துச் சோதித்தால், அவன் தவறவிட்டது காதாலா, அந்தச் சொல்லை வீட்டில் கேட்டதே இல்லை என்பதாலா என்று யார் சொல்வது? பம்பாய் தாராவியிலும் பெங்களூர் அல்சூரிலும் வளரும் தமிழ்க் குழந்தைக்கும் இதே கதிதான். இன்னொன்று, நம் மொழியில் அர்த்தம் சொல்லின் வாலில் இருக்கிறது. 'வீட்டுக்கு', 'வீட்டில்', 'வீட்டிலிருந்து' என்று மாறுவதெல்லாம் கடைசியில்தான். பேசும்போது குரல் தணிவதும் அங்கேதான். அரைகுறையாகக் கேட்கும் குழந்தைக்கு 'வீடு' கிடைக்கும். போவதா வருவதா என்பது கிடைக்காது.

இரண்டு மொழியால் குழந்தை குழம்புகிறது என்ற தீர்ப்புக்கு வருவோம். காது கேட்கும் குழந்தை இரண்டு மொழியை, ஏன், மூன்றைக்கூட ஒன்றாகக் கற்கும். பாலக்காட்டிலிருந்து தாராவி வரை அதற்கு நடமாடும் சாட்சிகள் உண்டு. இரண்டு வயதில் பேச்சில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது வீட்டு மொழியை அல்ல, காதை. அதுவும் ஒன்றுக்கு இரண்டு சோதனை வைத்து. பெற்றவர்கள் கூச்சப்படாமல் கேட்கவேண்டியவை சில. பதிவு எண் என்ன என்பது முதல் கேள்வி. அது சொன்னதும் நின்றுவிடக்கூடாது. இந்த வயதுக் குழந்தைகளை வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், என் குழந்தைக்கு எந்தச் சோதனை செய்தீர்கள், எதைச் செய்யவில்லை, ஏன் என்று கேட்கவேண்டும். குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்திருந்தால் அந்தக் காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைக்கவேண்டும். நல்ல ஆடியாலஜிஸ்ட் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

நாலாவது வீட்டுப் பையனுக்கு இப்போது நான்கு வயது ஆகப் போகிறது. இவன் வகைக் குறையில் பெரா அலைகளை வைத்து எவ்வளவு கேட்கிறது என்று கணக்கிட முடியாது என்பதால், பொம்மை ஆடும் அந்தச் சோதனையையே நாலைந்து முறை செய்து அளவு கண்டார்கள். முதலில் காது மெஷின், பலன் போதாவிட்டால் இம்பிளான்ட் என்று முடிவானது. மெஷினில் ஓரளவு பிடிபடுகிறது. இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். வாரம் இரண்டு நாள் தாயோடு பயிற்சிக்குப் போகிறான். ஐந்து வயது வரம்பை நினைத்து அவன் அப்பா காலண்டரைப் பார்த்தபடி இருக்கிறார்.

முதல் நாளே அந்த ஆடியாலஜிஸ்ட் மாமியிடம் தமிழில் பேசச் சொல்லிவிட்டார். நிறையப் பேசுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து, முகம் தெரியப் பேசுங்கள் என்றார். மாமி சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் பேசுகிறார். போன வாரம் மாலை கோயில் நடை திறந்து மணி அடித்தபோது பையன் திண்ணையில் இருந்து எழுந்து, கோயில் பக்கம் கையைக் காட்டி, "போ" என்றான். போகவேண்டும் என்கிறானா, போய்விட்டது என்கிறானா என்று மாமிக்குப் புரியவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டையும் சொல்லிக் காட்டியபடியே நடந்தார்.